குயவனும் களிமண்ணும்: தேவசித்தமும் மனித சுயாதீனமும் தமிழுக்கு வந்த வழி

ஆக்லாந்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் நியூ லின், களிமண்ணை நம்பி வளர்ந்த ஊர். செங்கலும் குழாயும் சுட்ட கம்பெனிகள் 1929இல் ஒன்றாகச் சேர்ந்து பெரிய நிறுவனமாயின. அதிலிருந்து கிளைத்த பீங்கான் ஆலை பிறகு கிரவுன் லின் என்ற பெயரில் நியூசிலாந்து வீடுகளிலெல்லாம் புழங்கியது. ரயில் நிலையத் தேநீர்க் கடைகளில் கைக்குக் கைமாறிய கனத்த வெள்ளைக் கோப்பைகள் இங்கே செய்யப்பட்டவை. ஆலை 1989இல் மூடப்பட்டது. ஆம்ப்ரிகோ பிளேஸில் பழைய சூளை ஒன்றைக் காத்து வைத்திருக்கிறார்கள். அங்கேயே டெ டோய் உகு அருங்காட்சியகம். இந்த மண்ணிலிருந்துதான் சாப்பாட்டு மேசைக்குத் தட்டும் போயிற்று, தெருவுக்கடியில் புதைக்கச் சாக்கடைக் குழாயும் போயிற்று.

அப்போஸ்தலன் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தில் கேட்பது இதைப் பற்றித்தான். ஒரே மண்ணுருண்டையிலிருந்து மதிப்புள்ள பாத்திரத்தையும் மதிப்பில்லாத பாத்திரத்தையும் வனைய குயவனுக்கு உரிமை கிடையாதா? என்னை ஏன் இப்படி வனைந்தாய் என்று பாத்திரம் கேட்க முடியுமா? இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் ஜெபக்கூட்டம் நடக்கும்போது இந்த அதிகாரம் வந்தால் பேச்சு சட்டென்று சூடாகிவிடும். எல்லாம் தேவசித்தம் என்பவரும், தேவன் நமக்குச் சுயாதீனம் கொடுத்திருக்கிறார் என்பவரும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள்.

அவர்கள் இருவருக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. எரேமியா 18ஆம் அதிகாரத்திலும் குயவன் வருகிறான். சக்கரத்தில் கெட்டுப்போன மண்ணை அவன் எறியவில்லை, வேறு பாத்திரமாக வனைகிறான். ஜனங்கள் மனம் திரும்பினால் தானும் தீர்மானத்தை மாற்றிக்கொள்வதாகத் தேவன் அங்கே சொல்கிறார். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலோ, பாத்திரமே தன்னைச் சுத்திகரித்துக்கொண்டால் எஜமானுக்கு உகந்ததாகும் என்று வருகிறது. தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் பாத்திரம் எப்படிப்பட்ட பாத்திரம்? 1524இல் எராஸ்மஸ் சுயாதீனத்துக்காக எழுதியபோது இந்த வசனத்தைத்தான் எடுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டே மார்ட்டின் லூத்தர் பதில் எழுதினார். மனித சித்தம் சுமை சுமக்கும் மிருகம். தேவன் ஏறினால் தேவன் போகும் பக்கம் போகும், சாத்தான் ஏறினால் சாத்தான் போகும் பக்கம் போகும். எவர் ஏற வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அதற்கு இல்லை என்பது அவர் நிலை.

அடுத்த 200 ஆண்டுகள் ஐரோப்பா இதற்குள்ளேயே உழன்றது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டாரும் மட்டும் மோதிக்கொண்டார்கள் என்று நினைத்தால் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு முகாமும் உள்ளுக்குள்ளேயே பிளந்தது. அந்தப் பிளவுகளில் பல, நடந்துகொண்டிருந்த காலத்திலேயே கப்பலேறித் தமிழ் பேசும் கரைகளுக்கும் வந்துவிட்டன. தூத்துக்குடி, மதுரை, யாழ்ப்பாணம், தரங்கம்பாடி என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு கட்சி இறங்கியது. இறங்கிய இடத்தில் வழக்கே வேறாகிவிட்டது. ஐரோப்பாவில் மனித சுயாதீனத்தைக் குறுக்கிப் பேசியவர்களும் அதை உயர்த்திப் பேசியவர்களும் இங்கே ஒரே குரலில் வினைக்கும் விதிக்கும் எதிராகச் சுயாதீனத்துக்கு வக்கீலானார்கள். அப்படி ஆனபோது, தங்கள் வழக்குக்கு மெய்யாகவே நெருக்கமான தமிழ் வழக்கு ஒன்று இருந்ததைக் கவனிக்காமல் போனார்கள் என்பது என் முடிவு. அதைக் காட்ட ஐரோப்பியக் கட்சிகளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

ட்ரெண்ட் திருச்சங்கம் 1547 ஜனவரியில் ஒரு நிலை எடுத்தது. ஆதாமின் பாவத்தால் சுயாதீனம் நலிந்தது, ஆனால் அணைந்துபோகவில்லை. அருள் முந்திக்கொண்டு வந்து தொடுகிறது, மனிதன் இசையவும் மறுக்கவும் முடியும். கேட்க நிதானமாகத்தான் இருக்கிறது. ஆனால் இசைவதும் அருளால்தானே? அருளால் என்றால் மறுத்தவனுக்கு அந்த அருள் ஏன் போதவில்லை? இந்தக் கேள்வியைச் சங்கம் திறந்தே விட்டது. அதற்குள் புகுந்தவர் போர்த்துக்கல்லின் எவோரா பல்கலைக்கழகத்தில் கற்பித்த இயேசு சபைக் குரு லூயிஸ் டி மொலினா. 1588இல் லிஸ்பனில் அவர் வெளியிட்ட நூல் சொன்னது இது: நடக்கக்கூடியவை எல்லாவற்றையும் தேவன் அறிவார், நடக்கப்போவதையும் அறிவார், இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவது அறிவு ஒன்று உண்டு. இன்ன மனிதனை இன்ன சூழலில் வைத்தால் அவன் தன் சுயாதீனத்தால் என்ன செய்வான் என்ற அறிவு அது. தேவன் அவன் மனதை முறுக்குவதில்லை. அவன் என்ன செய்வான் என்று அறிந்தே சூழலைப் படைக்கிறார். தீருவிலும் சீதோனிலும் இந்த அற்புதங்கள் நடந்திருந்தால் அவர்கள் அப்போதே மனந்திரும்பியிருப்பார்கள் என்று இயேசு சொன்ன வாக்கியம் இந்தக் கட்சிக்கு முதல் சாட்சி.

சலமாங்காவில் இருந்த தொமினிக்கன் குரு டொமிங்கோ பான்யெஸ் இதை ஏற்கவில்லை. மனிதன் செய்வதைப் பார்த்துத் தேவன் தெரிந்துகொள்கிறார் என்றால், படைத்தவர் படைப்புக்குக் காத்திருக்கிறார் என்றாகிவிடும். மனித சித்தத்தை அதன் இயல்பு கெடாமல் உள்ளிருந்து அசைப்பவர் தேவனே என்றார் அவர். சண்டை முற்றி ரோமுக்குப் போனது. 1598 முதல் குழு அமர்ந்து விசாரித்தது. ஒரு பாப்பரசர் தீர்ப்புச் சொல்லாமலே இறந்தார். கடைசியில் 1607இல் ஐந்தாம் பவுல் இரு தரப்பையும் வீட்டுக்கு அனுப்பினார்: அவரவர் கருத்தை வைத்துக்கொள்ளலாம், எதிர்த் தரப்பைப் பதிதர் என்று சொல்லக் கூடாது. இந்த முடிவைக் கோழைத்தனம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது, அதை இணைக்கும் அறிவு நம்மிடம் இல்லை என்று ஒரு அதிகாரபீடம் ஒப்புக்கொள்வது அரிதிலும் அரிது.

அந்த வழக்கு ரோமில் கடைசிக் கட்டத்தில் இருந்தபோது, 1606 நவம்பரில், ரோமிலேயே இறையியல் படித்த 29 வயது இயேசு சபையார் ஒருவர் மதுரைக்கு வந்து சேர்ந்தார். ராபர்ட் டி நொபிலி, தமிழ் மரபில் தத்துவ போதகர். வழக்கில் முக்கியப் பங்கு கொண்ட கர்தினால் பெல்லார்மின் அவருக்கு உறவினர். அவர் இந்தச் சர்ச்சையின் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர் என்பதில் ஐயமில்லை.

அவருக்கு முன்பே முத்துக்குளித்துறையில் அண்ட்ரிக் அடிகளார் என்ற ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பரதவர் நடுவில் உழைத்திருந்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கட்டுரைக்கு அதைவிட முக்கியம் 1580இல் அவர் அச்சிட்ட பாவசங்கீர்த்தனக் கையேடு. சுயாதீனம் பற்றிய கத்தோலிக்கப் போதனை தத்துவமாக அல்ல, ஒழுக்கப் பயிற்சியாகத்தான் தமிழ் மனதுக்குள் முதலில் நுழைந்தது. குருவின் முன் முழந்தாளிட்டவரை இவ்வகைக் கேள்விகள் சுற்றி வளைக்கும்: தெரிந்து செய்தாயா, தெரியாமலா? மனம் இசைந்ததா? யாராவது கட்டாயப்படுத்தினார்களா? எத்தனை முறை? ஒவ்வொரு கேள்வியும், நீ நினைத்திருந்தால் செய்யாமல் இருந்திருக்கலாம் என்பதை அடியில் வைத்துக்கொண்டே எழுகிறது. தலையெழுத்து என்று சொல்லித் தப்ப அந்த இடத்தில் வழியில்லை. கடலுக்குப் போய் வந்த பரதவர் ஒருவர் மொலினாவின் பெயரைக் கேட்டிருக்கவே மாட்டார். ஆனால் அவர் முழந்தாளிட்ட இடத்தில் சுயாதீனம் நடைமுறையாகிவிட்டது.

நொபிலி இதைத் தத்துவமாக எடுத்துப் போனார். ஞானோபதேசம், ஆத்தும நிருணயம், புனர்ஜென்ம ஆக்ஷேபம் என்று அவர் எழுதிய உரைநடை நூல்களை 1960களில் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வழியாக இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பித்தார். கடினமான மணிப்பிரவாள நடை. பொறுமையோடு படித்தால் வாதம் தெளிவாகத் தெரியும். முற்பிறவி வினைதான் இப்பிறவியின் இன்ப துன்பத்தை வகுக்கிறது என்றால், இப்போது செய்யும் நன்மைக்கும் தீமைக்கும் யார் பொறுப்பு? ஆத்துமா அறிவும் சித்தமும் உடையது என்றால் அது வினையின் கையில் பொம்மையாக இருக்க முடியாது. மனிதர்களுக்குள் ஏற்றத்தாழ்வு இருப்பது முன்வினைக்குச் சான்று ஆகாது; அதற்கு வேறு காரணங்கள் போதும். வாதம் கூர்மையானது. ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு என்று நான் நினைக்கிறேன். பிறப்பால் வந்த சாதியை நொபிலி சமூக வழக்கம் என்று ஏற்றுக்கொண்டார். காவி உடுத்து, உயர் சாதியாருக்குரிய ஆசாரத்தோடு வாழ்ந்தார். தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனியாகப் பண்டாரசாமிகள் என்ற குருமார் பின்னர் ஏற்பட்டார்கள். முற்பிறவியிலிருந்து விடுதலை செய்யப்பட்ட மனிதன் இப்பிறவியின் சேரியிலேயே விடப்பட்டான். ஆத்துமாவின் சுயாதீனத்தை இவ்வளவு நுட்பமாக நிறுவியவர், அதே ஆத்துமா கோயிலில் எங்கே உட்கார வேண்டும் என்ற கேள்வியை வழக்கத்திடம் விட்டது என்னை வருத்துகிறது.

நொபிலி 1656 ஜனவரி 16 அன்று மயிலாப்பூரில் இறந்தார். அதே மாதம் 23ஆம் தேதி பாரிஸில் பிளேஸ் பாஸ்கலின் முதல் ‘மாகாணக் கடிதம்’ வெளியானது. ஜான்சன் என்ற பிளெமிஷ் ஆயர் எழுதி 1640இல் வெளிவந்த அகுஸ்தீனுஸ் என்ற பெருநூலைச் சுற்றிப் பிரான்ஸில் மூண்ட அருள் சர்ச்சையில் எழுந்த கடிதங்கள் அவை. ஜான்சன் கட்சிக்கு இயேசு சபையார்தான் எதிரி: மனித சித்தத்துக்குத் தாராளமாக இடம் கொடுத்து அருளை மலிவாக்கியவர்கள். ஐந்தாம் கடிதத்தில் பாஸ்கல் இந்தியாவையும் சீனாவையும் இழுக்கிறார். அங்கே இயேசு சபையார், உடைக்குள் கிறிஸ்துவின் படத்தை மறைத்து வைத்துக்கொண்டு வெளியே விக்கிரகத்தை வணங்க அனுமதிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. நொபிலியின் மதுரையை அது நேர்மையாகக் காட்டவில்லை. ஆனாலும் பாரிஸில் நடந்த அருள் சண்டையும் நொபிலி ஏற்ற ஆசாரங்களைப் பற்றி இங்கே நடந்த சண்டையும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதை அது காட்டுகிறது. மனித இயல்பில் நன்மை எஞ்சியிருக்கிறது என்று நம்புகிறவன்தான் மதுரைப் பிராமணரின் ஆசாரத்திலும் எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று நம்புவான்.

கால்வின் வழிவந்த கட்சி யாழ்ப்பாணத்துக்கு வந்த கதையில் இரத்தமும் உண்டு. லெய்டனில் கற்பித்த ஆர்மீனியஸ், தேவன் யாரைத் தெரிந்துகொள்கிறார் என்பது அவர்கள் விசுவாசிப்பார்கள் என்று முன்னறிந்ததைப் பொறுத்தது என்றார். அவர் 1609இல் இறந்தார். சீடர்கள் அடுத்த ஆண்டு அதை விண்ணப்பமாக எழுதிக் கொடுத்தார்கள். 1618 நவம்பரில் டோர்ட் நகரில் கூடிய சங்கம் அதை மறுத்து ஐந்து தலைப்புகளில் தீர்ப்பு எழுதியது: தெரிந்துகொள்ளுதலுக்கு மனிதனிடத்தில் எந்தக் காரணமும் இல்லை; கிருபை தான் தொட்டவரை வெல்லாமல் விடாது; தெரிந்துகொள்ளப்பட்டவர் விழுந்துபோவதில்லை. சங்கம் 1619 மே 9 அன்று முடிந்தது. நான்கு நாள் கழித்து, ஆர்மீனியஸ் கட்சிக்கு ஆதரவாக நின்ற ஓல்டன்பார்னவெல்ட் என்ற முதுபெரும் அரசியல்வாதியின் தலை ஹேக் நகரில் வெட்டப்பட்டது. 1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி உருவாக முன்னின்றவரே அவர்தான். அவரோடு சிறைப்பட்ட ஹியூகோ குரோஷியஸ் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார்.

அந்தக் கம்பெனிதான் 1658இல் போர்த்துக்கீசரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தது. கூடவே வந்தவர் பிலிப்புஸ் பால்டேயஸ் என்ற இளம் போதகர். 1665 வரை அங்கே இருந்து, போர்த்துக்கீசர் விட்டுப்போன கோயில்களைப் பள்ளிகளாகவும் ஆலயங்களாகவும் நடத்தினார். ஆலயங்களைப் படம் போட்டு விவரித்து 1672இல் பெரிய நூலே வெளியிட்டார். டச்சுப் போதகர் எவரும் டோர்ட் தீர்ப்புகளை ஏற்றுக் கையெழுத்திட்டவர்தான். ஆனால் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பிள்ளைகள் மனப்பாடம் செய்தவை கர்த்தருடைய செபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, எளிய வினாவிடை. டோர்ட் வகுத்த முன்குறித்தல் போதகரின் கையெழுத்தோடு நின்றுவிட்டது.

பிள்ளைகள் நேராக அனுபவித்தது வேறு. பள்ளிக்கு வராவிட்டால் அபராதம். ஞானஸ்நானமும் திருமணமும் தோம்பு என்ற பள்ளிப் பதிவேட்டில் பதிய வேண்டும். பதியாவிட்டால் உத்தியோகம் கிடைக்காது, சொத்துரிமை சிக்கலாகும். தேவன் தாமே, எவர் முயற்சியையும் பாராமல், தமக்குரியவர்களை இழுத்துக்கொள்கிறார் என்று நம்பிய திருச்சபை ஒன்று, மனிதர்களை இழுக்க அபராதத்தையும் பதிவேட்டையும் வைத்திருந்தது. அந்தக் கோட்பாட்டை மெய்யாகவே நம்பியிருந்தால் கட்டாயத்துக்கு அங்கே இடமே இருந்திருக்கக் கூடாது. தேவன் இழுக்காதவனை உபதேசியார் இழுத்து என்ன பயன்? 1795க்குப் பிறகு ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டாயம் தளர்ந்தவுடன் அந்தப் பெருங்கூட்டம் கரைந்துபோனது. பதிவேட்டுக்கு வெளியே தங்கள் சித்தம் என்ன என்பதை யாழ்ப்பாணத்தார் அப்போதுதான் காட்ட முடிந்தது.

தரங்கம்பாடியில் நிலை வேறு. 1706 ஜூலையில் வந்திறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். அதில் விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கான விளக்கம், என் சொந்த அறிவாலோ பலத்தாலோ விசுவாசிக்க என்னால் முடியாது, பரிசுத்த ஆவியே என்னை அழைத்தார் என்ற பொருளில் போகிறது. எராஸ்மஸுக்கு லூத்தர் எழுதிய பதிலின் சாரத்தைத் தரங்கம்பாடிப் பள்ளிப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொன்னார்கள். அதே சீகன்பால்கு கடைத்தெருவிலும் சத்திரத்திலும் தமிழரோடு பேசும்போது, மனந்திரும்பு, நீயே தீர்மானி என்றுதான் அழைத்தார். ஹாலே நகரின் பக்திநெறிப் பள்ளியில் பயின்றவர் வேறெப்படிப் பேசுவார்? எலாக்குறிச்சியிலிருந்து இயேசு சபைக் குரு வீரமாமுனிவர் இந்த லூத்தரன்களுக்கு எதிராக வேத விளக்கம், லுத்தேரினத்தியல்பு என்று எழுதினார். சுவையான வசைக்கு அவற்றில் குறைவில்லை. அருள் பற்றிய சிந்தனையை அவை ஓரடிகூட நகர்த்தவில்லை என்று நினைப்பதால் கடந்து போகிறேன்.

மதுரை இயேசு சபையாருக்கும் யாழ்ப்பாணக் கால்வினியருக்கும் தரங்கம்பாடி லூத்தரன்களுக்கும் பொதுவாக இருந்தது ஒன்று. தமிழன் விதிக்குக் கட்டுப்பட்டவன், நாம் அவனுக்குச் சுயாதீனம் கற்பிக்க வந்தவர்கள் என்ற எண்ணம். இதில் ஒரு அவசரம் இருந்தது. திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ஊழ். 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. ஊழை வெல்ல முடியாது என்றும் வெல்லலாம் என்றும் ஒரே ஆசிரியர் சொல்லி, இரண்டையும் ஒரே நூலில் வைத்தார். சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று பிரிக்கிறது. பிராரத்தம் அனுபவித்தே தீர வேண்டியது. ஆகாமியம் இப்போது நாமே ஈட்டுவது. ஆகாமியம் இருக்கும்வரை மனித முயற்சிக்கு இடம் இருக்கிறது. வினையும் தானாக இயங்குவதில்லை, ஊட்டுவிப்பவன் சிவன். இதைத் தலையெழுத்து என்ற ஒரு சொல்லில் அடைத்தது சரியல்ல.

அவர்கள் தட்டியிருக்க வேண்டிய கதவு வேறு. அருளுக்குக் காரணம் உண்டா இல்லையா என்ற கேள்வியைத் தமிழ் வைணவம் லூத்தருக்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுப் பிளவுபடத் தொடங்கியிருந்தது. காஞ்சியில் தோன்றிய வேதாந்த தேசிகரின் நிலை இது: எம்பெருமான் கருணை அளவற்றது, ஆனால் அது செயல்பட ஜீவனிடத்தில் சிறியதொரு வியாஜம், ஒரு சாக்கு, வேண்டும், சரணாகதி அந்தச் சாக்கு. அது இல்லாமலே கருணை வரும் என்றால் எல்லோருக்கும் ஏன் வரவில்லை, பகவான் பட்சபாதம் உள்ளவனா என்ற பழி எழும். திருவரங்கத்துப் பிள்ளை லோகாசாரியார் வழிவந்தவர்கள் இதை ஏற்கவில்லை. சரணாகதியைக்கூட நான் செய்தேன் என்று கணக்கில் வைத்தால் அது உபாயமாகிவிடும். உபாயம் அவன் ஒருவனே. கருணை நிர்ஹேதுகம், காரணமற்றது. தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி தேசிகர் வழிவந்த வடகலைக்கும், தாய் வாயால் கவ்வித் தூக்கும் பூனைக்குட்டி லோகாசாரியார் வழிவந்த தென்கலைக்கும் அடையாளமானது பிற்காலத்தில்.

இதை ஐரோப்பியச் சண்டையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தன்னால் இயன்றதைச் செய்கிறவனுக்குத் தேவன் அருளை மறுப்பதில்லை என்று பிற்கால இடைக்காலப் பள்ளியாளர்கள் சொன்னது தேசிகரின் வியாஜத்துக்கு எத்தனை அருகில் இருக்கிறது! அந்தக் கருத்தைத்தான் லூத்தர் கிழித்தெறிந்தார். தெரிந்துகொள்ளுதலுக்கு மனிதனிடம் காரணம் இல்லை என்ற டோர்ட்டின் முதல் தலைப்பு நிர்ஹேதுகக் கிருபைக்குத் தூரமில்லை. வேறுபாடும் உண்டு, அது சிறியதல்ல. டோர்ட்டில் தேவன் சிலரைக் கடந்து போகிறார், அந்தக் கடந்துபோதல் என்றென்றைக்கும் உரியது. தென்கலையில் அப்படியொரு நித்திய தள்ளுபடி பேச்சின் மையத்தில் இல்லை. பிறவிகள் பல என்பதால் காலத்துக்குக் கதவு சாத்தப்படுவதில்லை. ஒரே பிறவி என்ற கிறிஸ்தவ நம்பிக்கைதான் முன்குறித்தலை இவ்வளவு பயங்கரமானதாக்கியது. இந்த ஒப்பீட்டால்தான் அது எனக்குத் தெளிவாயிற்று. ஐரோப்பியச் சர்ச்சையை மட்டும் படித்துக்கொண்டிருந்தால், ஒரே பிறவி என்பது அதன் அடித்தளத்தில் இருப்பதே கண்ணில் படாது.

சைவ சித்தாந்தத்திலும் இதே முடிச்சு உண்டு. மலம் என்ற உயிரின் அழுக்கு பரிபாகம் அடையும்போது, இருவினையும் ஒத்து நிற்கும்போது, சத்திநிபாதம், அதாவது அருள் வந்து பதிதல், நிகழ்கிறது. அப்படியானால் அருள் மனிதனின் பக்குவத்துக்குக் காத்திருக்கிறதா? பக்குவப்படுத்துவதே சிவனின் திரோதான சத்தி என்பது பதில். மறைத்து நிற்கும் சத்தியே பழுக்கவும் வைக்கிறது. மனிதனின் இசைவுக்கு முன்பே வந்து தொடும் அருள் என்று ட்ரெண்ட் சொன்னதைச் சைவர் ஒருவர் கேட்டிருந்தால், இதைத்தானே நாங்களும் என்று திரும்பிப் பார்த்திருப்பார். நொபிலி மதுரையில் இருந்தார். திருவரங்கம் சில நாள் நடை. பான்யெஸும் மொலினாவும் வாதாடிய வழக்கை நன்கறிந்தவர்களும் தேசிகரும் லோகாசாரியாரும் வாதாடிய வழக்கை நன்கறிந்தவர்களும் ஒரே நாயக்கர் காலத்தில் ஒரே நாட்டில் இருந்தார்கள். இந்த ஒப்பீட்டை ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ இந்தியாவின் கிருபைச் சமயம் பற்றிய தன் நூலில் விரித்தது 1930இல்தான்.

மதுரையில் அந்த ஒப்பீடு ஏன் நடக்கவில்லை? எதிரியாக நினைத்தவரிடத்தில் தன் கேள்வியே உயிரோடு இருப்பதைக் காண்பது கடினம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, 1607க்குப் பிறகு அருள் பற்றி எழுத ரோமின் அனுமதி தேவைப்பட்டது; இயேசு சபையாருக்கு அந்த முள்வேலியைத் தாண்டும் ஆசை இருந்திருக்காது. வினையை மறுப்பது பாதுகாப்பான வேலை. அருளைப் பற்றி ஆழமாகப் பேசினால் சொந்த வீட்டிலேயே நெருப்புப் பிடிக்கும்.

உண்மையான சந்திப்பு பிறகு கவிதையில்தான் நடந்தது. நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்றார்; 1894இல் இரட்சணிய யாத்திரிகம் வெளியானது. அதற்கு மூலம் ஜான் பன்யன் 1678இல் எழுதிய மோட்சப் பயணக் கதை. பன்யன் கால்வின் வழிவந்தவர். தான் தெரிந்துகொள்ளப்பட்டவனா, கிருபையின் நாள் கடந்துவிட்டதா என்று வருடக்கணக்கில் துடித்தவர். 1666இல் வந்த தன் ஆத்துமக் கதையில் அந்தத் துடிப்பை மறைக்காமல் எழுதினார். கம்பனில் ஊறிய, ஆழ்வார் பாசுரம் கேட்டு வளர்ந்த கிருஷ்ண பிள்ளையின் கையில் அந்தத் துடிப்பு சரணாகதியின் கண்ணீராகிறது. நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா என்ற பன்யனின் கேள்வி, இத்தனை குற்றமுள்ள என்னையும் ஏற்றாயே என்ற வியப்பாக மாறுகிறது. இறையியலாளர்கள் ஒப்பிட மறந்ததைக் கவிஞர் ஒப்பிடாமலே செய்துவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் 1814இல் வெஸ்லியன் மிஷனரிகளும் 1816இல் அமெரிக்க மிஷனரிகளும் வந்தார்கள். வெஸ்லியன்கள் ஆர்மீனியஸ் பக்கம். அமெரிக்கர்கள், 1754இல் சித்தத்தின் சுயாதீனத்தைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஜோனத்தன் எட்வர்ட்ஸின் புதிய இங்கிலாந்து மரபினர்: மனிதன் விரும்பியதைச் செய்ய அவனுக்குத் தடையில்லை, ஆனால் நல்லதை விரும்பவே அவன் மனம் ஒப்பாது என்று வகுத்தவர்கள். லண்டனில் வெஸ்லிக்கும் விட்ஃபீல்டுக்கும் நட்பே முறிந்துபோன கேள்வி இது. யாழ்ப்பாணத்தில் இரு மிஷன்களும் சில மைல் இடைவெளியில் பள்ளி நடத்தின, வேதாகமத் திருத்தத்தில் கைகோத்தன. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணத்தாரும், தமிழ்நாட்டு மெதடிஸ்டுகளும் ஆங்கிலிக்கரும் ஒரே கூரைக்குள் வந்தார்கள். அந்த இணைப்பில் பல ஆண்டு இழுபறியானது ஆயர் பட்டத்தைப் பற்றித்தான், முன்குறித்தலைப் பற்றி அல்ல.

நியூசிலாந்துக்கு இந்தச் சண்டை ஸ்காட்லாந்து வழியாக வந்தது. 1848இல் ஒடாகோவில் குடியேறிய சுதந்திர ஸ்காட்டியத் திருச்சபையார், 1640களில் வெஸ்ட்மின்ஸ்டரில் எழுதப்பட்ட அறிக்கையைக் கையில் கொண்டு வந்தார்கள். தேவன் அநாதி தீர்மானத்தால் சிலரைத் தெரிந்துகொண்டார் என்பது அதில் ஒரு தூண். 1888இல் டனீடனில் பேராசிரியர் வில்லியம் சால்மண்ட் கிருபையின் ஆட்சி என்ற சிறுநூலை வெளியிட்டு அந்தத் தூணையே அசைத்தார். பிரஸ்பிட்டேரியன் வட்டாரம் கொதித்தது. மரிக்கும் நேரத்தோடு தேவனின் அன்பு நின்றுவிடுமா என்ற கேள்வி அதன் நடுவில் இருந்தது. காலத்துக்கு எப்போது கதவு சாத்தப்படுகிறது என்பதே அங்கும் வழக்கு.

இன்று நியூ லின்னிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களில் யாழ்ப்பாணக் கத்தோலிக்கர், மெதடிஸ்டுகள், தென்னிந்தியத் திருச்சபையார், பெந்தெகொஸ்தே சபையார் எல்லோரும் உண்டு. பக்கத்து வீட்டில் சைவரும் வைணவரும் இருக்கிறார்கள். மதுரையில் நடக்காத உரையாடல் இங்கே நடக்க எந்த அரசும் எந்தச் சபையும் குறுக்கே நிற்காது. பிள்ளை லோகாசாரியாரின் ஸ்ரீவசன பூஷணத்தையும் டோர்ட் தீர்ப்புகளையும் அருகருகே வைத்துத் தமிழில் யாராவது வகுப்பெடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அங்கே முதலில் கேட்க வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. வியாஜம் ஜீவனுடையதா, அதையும் பகவானே தருகிறானா? ட்ரெண்ட் சொன்ன இசைவு தேசிகரின் வியாஜம்தானா, அதைவிடக் கூடுதலானதா? மலம் பழுப்பதற்குள் மரித்தவனுக்கு மறுபிறவியை மறுக்கும் ஒருவர் என்ன பதில் சொல்வார்? நற்செய்தி கேளாமல் மாண்ட தங்கள் முன்னோரை நினைத்து ஜப்பானியக் கிறிஸ்தவர்கள் அழுததாக பிரான்சிஸ் சேவியர் 1552இல் எழுதினார். நம் பாட்டன் பூட்டனுக்கும் அதே கேள்வி உண்டு. தீருவும் சீதோனும் அற்புதங்களைக் கண்டிருந்தால் என்ற அந்த வசனத்தை மொலினா படித்தபடி அவர்களுக்காகவும் படித்துப் பார்க்கலாம்.